சயாம் வீட்டுக்காரிகள்

எங்களைச் சயாம் வீட்டுக்காரிகள் என்று முதலில் அழைத்தது யார் என்று எனக்குத் தெரியாது. சந்தையில் மரவள்ளி விற்ற ஆளாக இருக்கலாம். குழாயடியில் வாய் ஓயாமல் பேசும் பெண்களில் ஒருத்தியாகவும் இருக்கலாம். ஒருநாள் மலாக்காவில் காஜா பேராங் சாலையில் நடந்து போய்க்கொண்டிருந்தேன். "அதோ போவுது பாரு, சயாம் வீட்டுக்காரி" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. சுற்றுமுற்றும் பார்த்தேன். வேறு யாரும் இல்லை, என்னைத்தான் சொல்கிறார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்குள்ளேயே, இந்த ஊரில் எனக்கும் ஒரு பேர் கிடைத்துவிட்டது என்று ஏதோ ஓர் ஆறுதலும் வந்தது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் வரும் என்று அன்றைக்கும் விளங்கவில்லை, இந்த வயதிலும் விளங்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஆற்றோரக் கிட்டங்கியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். ஜப்பான்காரன் வந்தபிறகு கப்பல் வரவில்லை, மூட்டையும் வரவில்லை. சும்மா இருந்த ஆண்களைத் தேடி ஆள் எடுக்கிறவர்கள் வந்தார்கள். சயாமில் ரயில் பாதை போடுகிறோம், மூன்று மாத வேலை, வீட்டுக்கு அரிசி தருவோம் என்றார்கள். அரிசி என்ற சொல்லைக் கேட்டால் போதும், அந்தக் காலத்தில் எவனுக்கும் புத்தி வேலை செய்யாது. லாரியில் ஏற்றித் தம்பினுக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து ரயில். மலாக்காவுக்கும் தம்பினுக்கும் நடுவே கிடந்த தண்டவாளத்தைக்கூட ஜப்பான்காரன் பிடுங்கிச் சயாமுக்கே கொண்டுபோய்விட்டான். இரும்பையும் ஆளையும் ஒரே கணக்கில்தான் வைத்திருந்தான்.

அதே லாரியில் எங்களுக்கு வாடகைக்கு இடம் விட்டிருந்த வீட்டுக்கார அக்காவின் கணவரும் போனார். நாங்கள் கம்போங் செட்டியில் ஒரு பழைய வீட்டின் பின்னறையில் குடியிருந்தோம். அந்த வீடு அக்காவுடையது. பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் வந்து தங்கிவிட்ட இந்தச் செட்டிமார் எங்களைப் போலவே மாரியம்மனைக் கும்பிடுவார்கள், விபூதி பூசுவார்கள், வாயைத் திறந்தால் மட்டும் மலாய்தான் வரும். அக்காவும் சாரோங் கட்டி, கெபாயாச் சட்டை போட்டுக்கொண்டு, நெற்றியில் குங்குமம் வைத்திருப்பார். என்னை 'அடேக்' என்று கூப்பிடுவார், தங்கச்சி என்று அர்த்தம். என்னுடைய அரைகுறை மலாயும் அவரிடமிருந்த சில தமிழ்ச் சொற்களும் சேர்ந்து எங்களுக்குள் ஒரு பாஷை நடந்தது. அவர் கணவர் படித்தவர், அதனால் கணக்கெழுதும் கிராணியாகப் போனார். படித்தவருக்கும் மூட்டை தூக்கினவருக்கும் அந்த லாரியில் ஒரே பலகைதான்.

மூன்று மாதம் முடிந்தது. அதற்கு மேலும் சில மாதங்கள் போயின. ஆள் வரவில்லை, தகவலும் இல்லை. ஆள் எடுத்த ஆபீஸ் ஆற்றுப்பக்கம் ஒரு கடைவீட்டில் இருந்தது. வாசலில் துப்பாக்கியோடு காவல்காரன் நிற்பான். அவனுக்குக் குனிந்து வணங்கிவிட்டுத்தான் படியேற வேண்டும். குனிவது கொஞ்சம் முன்பின் ஆனால் கன்னத்தில் அறை விழும். நான் முதல்முறை தனியாகப் போனபோது அறை வாங்கிக்கொண்டு திரும்பினேன், கேட்கப்போனதையே கேட்கவில்லை.

அடுத்தமுறை அக்காவோடு போனபோது சாலையோரத்தில் சில பெண்கள் தயங்கி நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் அதே காரியமாக வந்தவர்கள், எல்லாருக்கும் அதே பயம். அவர்களில் வயதில் மூத்தவர் புக்கிட் பாரு பக்கத்திலிருந்து வந்த ஒரு தமிழம்மா. கட்டைக் குரல், அகலமான தோள். அவரை நாங்கள் பெரியக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது எப்போது என்றும் ஞாபகம் இல்லை. "சேந்தாப்புல போவோம். நான் தொண்டையைக் கனைச்சதும் எல்லாரும் குனியணும். எத்தனை பேரைத்தான் அடிப்பான்?" என்றார். கனைத்தார், குனிந்தோம். காவல்காரன் அடிக்கவில்லை. அந்தப் பெண்களோடு எனக்கு உறவு உண்டானது அந்த ஒரு குனிவில்தான்.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் போனோம். உள்ளே இருந்தவர் 'தகவல் இல்லை' என்பார். கொஞ்ச நாளில் அவர் வாயைத் திறக்கக்கூட இல்லை, கையை மட்டும் ஆட்டினார். இன்னும் கொஞ்ச நாளில் நாங்களும் உள்ளே போய்க் கேட்பதை விட்டுவிட்டோம். படியில் நிற்போம், குனிவோம், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புவோம். கேட்காமல் எதற்குப் போகிறோம் என்று ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவும் துணியவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒருநாள் கோயிலில் தீபாராதனை நேரத்தில் பெரியக்காவுக்கு நிஜமாகவே தொண்டை கட்டி, கனைத்துவிட்டார். நாங்கள் அத்தனை பேரும் பட்டென்று இடுப்பை வளைத்துக் குனிந்தோம், ஜப்பான்காரனுக்குக் குனிவது போலவே. பூசாரி திகைத்துப் போனார். அம்மன் என்ன நினைத்தாளோ. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மற்றவர்கள் முகத்தைப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. என் சிரிப்பும் உள்ளேயே போய்விட்டது.

சிரிக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. எங்களுக்குள் எந்தச் சட்டத்தையும் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனாலும் எல்லாம் இருந்தது. பொட்டு வைப்போம், பூ வைக்க மாட்டோம். தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம், தலைக்கு எண்ணெய் தடவ மாட்டோம். பொட்டைப் பார்த்தால் சுமங்கலி, தலையைப் பார்த்தால் அப்படி இல்லை. ஊர்ப் பெண்கள் விசேஷத்துக்கு எங்களை அழைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் திண்டாடினார்கள். எங்களுக்கே தெரியாதபோது அவர்களைக் குறை சொல்லி என்ன பயன். யாராவது "தகவல் வந்துச்சா?" என்று கேட்டால் அக்கா சொல்லும் பதிலைத்தான் எல்லாரும் சொன்னோம். 'பெலோம்.' மலாயில் 'இன்னும் இல்லை' என்று அர்த்தம். தமிழில் 'வரவில்லை' என்று சொன்னால் கதவை அடைத்த மாதிரி இருந்தது. பெலோம் என்றால் கதவு கொஞ்சம் திறந்தே இருக்கும்.

எங்களில் சின்னவள் செமாபோக்கிலிருந்து வந்தவள், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவள். ஒருநாள் அவள் தலையில் கொஞ்சம் மல்லிகை வைத்துக்கொண்டு வந்தாள். அன்று அவளுக்குப் பிறந்தநாளோ என்னவோ, நாங்கள் கேட்கவில்லை. யாரும் அவளைத் திட்டவும் இல்லை. படியில் நிற்கும்போது வழக்கமாக நகர்ந்து இடம் கொடுப்போம், அன்றைக்கு யாரும் நகரவில்லை. அவள் வெயிலில் சாலையிலேயே நின்றாள். பக்கத்தில் இருந்தவள் நான். நகர வேண்டாம் என்று நான் முடிவு செய்ததாக ஞாபகமே இல்லை, கால் நகரவில்லை, அவ்வளவுதான். மறுவாரம் அவள் வெறுந்தலையோடு வந்தாள், எல்லாரும் இடம் கொடுத்தோம். எனக்கு அவளை நினைத்துப் பாவமாகவும் இருந்தது, அப்பாடா என்றும் இருந்தது.

பொங்கலுக்கு முதல் நாள் செட்டிமார் வீடுகளில் 'பார்ச்சு' என்று ஒரு படையல் உண்டு. கூடத்தில் வாழை இலைகளை விரித்து, செத்துப்போனவர்கள் எதை ஆசையாகச் சாப்பிடுவார்களோ அதைப் பரிமாறி, சாம்பிராணி போட்டுவிட்டு, வீட்டிலுள்ளவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். கொஞ்ச நேரம் கூடம் அவர்களுக்கு. அக்கா வீட்டு வழக்கத்தில் ஒவ்வொருவர் பேரைச் சொல்லியும் ஓர் இலை போடுவார்கள். அந்தப் பஞ்சத்திலும் மரவள்ளியையும் கீரையையும் வைத்தாவது அதை விடாமல் செய்தார்கள்.

ஆண்கள் சயாமுக்குப் போன பிறகு வந்த முதல் பார்ச்சுக்கு முன்னால் அக்காவின் கொழுந்தனார் வந்தார். அண்ணன் கனவில் வந்து பசிக்கிறது என்றாராம். அண்ணனுக்கும் ஓர் இலை போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அன்று முழுக்க ஒரு வேலையும் செய்யவில்லை. கணவர் இறந்துபோயிருந்தால், இலை போடாதவரை வாசலில் பட்டினியாக நிற்பார். உயிரோடு இருந்தால், இலை போட்ட கையாலேயே அவரைச் செத்தவர்களோடு சேர்த்த மாதிரி ஆகும். இந்த இரண்டுக்கும் நடுவில் அந்த மனுஷி கிடந்து அல்லாடினார்.

அக்கா அந்தக் கேள்வியை ஆபீஸ் படிக்குக் கொண்டுவந்தார். சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் எல்லாரும் இருக்க, அவர் எங்களைத்தான் கேட்டார். நான் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னேன்.

"நீ இன்னைக்கு எலை போட்டேன்னு வை, நாளைக்கு எங்க வீட்டுலயும் போடச் சொல்லுவாங்க. அப்புறம் இங்க யாரு நிப்பா?" என்றார் பெரியக்கா.

அதை மலாயில் சொல்ல வேண்டியது என் வேலை. 'போடாதீர்கள்' என்று மட்டும் சொன்னேன். அக்கா எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "பெலோம்" என்றார். அந்த வருஷம் கணவருக்கு இலை போடவில்லை. கொழுந்தனார் கோபித்துக்கொண்டு போக்குவரவை நிறுத்தினார். எங்களுக்குள் அதன்பிறகு ஒட்டுதல் இன்னும் கூடிவிட்டது. அக்கா எங்களுக்காக ஒன்றை விட்டுக்கொடுத்தாரா, எங்களிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொண்டாரா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பிடிபடவில்லை.

அடுத்த பார்ச்சுக்குச் சில நாட்கள் இருந்தன. விடிந்தும் விடியாத நேரத்தில் பின்பக்கம் வாழைமரத்தடியில் யாரோ உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பிச்சைக்காரர் என்று நினைத்தேன், அப்போது ஊரெல்லாம் பிச்சைக்காரர்கள். கோணியைச் சுற்றிக்கொண்டு, காலில் துணி கட்டிக்கொண்டு, எலும்பும் தோலுமாக ஓர் ஆள். "நான்தான்" என்றார். குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. என் வீட்டுக்காரர்.

அந்த நிமிஷத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஓடிப்போய்ப் பிடித்திருக்க வேண்டும், அழுதிருக்க வேண்டும். நான் செய்தது, இரண்டு பக்கமும் திரும்பி யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தது. பிறகுதான் கைத்தாங்கலாக அவரை உள்ளே கொண்டுவந்து, கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

அவர் வேலை இடத்திலிருந்து தப்பி ஓடி வந்தவர். சரக்கு ரயிலில் பதுங்கி வந்து, தண்டவாளம் பிடுங்கிய தடத்தோடு, ரப்பர் தோட்டங்கள் வழியே நடந்து வந்திருக்கிறார். பிடிபட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே நான் அவரை ஜப்பான்காரனுக்குப் பயந்துதான் ஒளித்தேன் என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். பின்னாளில் என் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொன்னேன், அது பொய்யும் இல்லை. ஆனால் தாழ் போட்டபோது என் கண்முன் நின்றது துப்பாக்கிக்காரன் இல்லை, படியில் நிற்கும் அந்தப் பெண்களின் முகங்கள்தான்.

கொஞ்சம் மரவள்ளிக் கஞ்சி குடித்ததும் அவர் மெதுவாகச் சொன்னார். "வீட்டுக்கார அண்ணன் இல்ல. காலரா. நான்தான் தூக்கிட்டுப் போனேன்." அப்புறம், "அந்தம்மாகிட்ட எப்படிச் சொல்றது?" என்று என்னைக் கேட்டார்.

"சொல்ல வேணாம்" என்றேன். அவ்வளவு சட்டென்று எங்கிருந்து அந்தப் பதில் வந்தது? அக்காவுக்கு வலிக்குமே என்றா? சொன்னால் இவர் வந்தது வெளியே தெரியுமே என்றா? பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அக்கா இருந்தார். சொன்னால் அவருடைய கணவருக்கு இலை கிடைக்கும், பசி தீரும். சொல்லாவிட்டால் இன்னொரு வருஷமும் அவர் வாசலில் நிற்பார். இது தெரிந்தும் என் நாக்கு எழவில்லை.

அன்றைக்கு எங்கள் படி நாள். அவரைப் படுக்க வைத்துவிட்டு நான் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை. பெரியக்கா கனைத்தார், குனிந்தேன். செமாபோக்காரி வழக்கம்போல, "ஒங்களுக்கு ஏதாச்சும் தகவல்?" என்றாள்.

"பெலோம்" என்றேன்.

புருஷன் வீட்டில் படுத்திருக்கிறார், நான் இங்கே பெலோம் என்கிறேன். பொய் சொல்கிற உணர்வே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்தச் சொல் என் வாயில் அவரைவிட அதிக நாள் குடியிருந்துவிட்டது போல் இருந்தது. திரும்பும் வழியில் அவர்மேலேயே எரிச்சல் வந்தது. வந்ததற்கு எரிச்சல். இப்படியும் ஒரு பெண்டாட்டி இருப்பாளா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் அவர் தூங்குவதைப் பார்த்து, சத்தம் வராமல் அழுதேன். சந்தோஷம்தான். யாருக்கும் தெரியாமல் சந்தோஷப்படுவது எவ்வளவு சிரமமான காரியம் என்று அன்றுதான் தெரிந்தது.

அவர் என் வெறுந்தலையைப் பார்த்துவிட்டு, "யார் செத்துப்போயிட்டா?" என்று கேட்டார். ஒருவரும் சாகவில்லை என்றேன். அதை அவர் நம்பினதாகத் தெரியவில்லை.

பலகைச் சுவர் எத்தனை நாளைக்கு இருமலை மறைக்கும்? அவர் கால் புண்ணுக்கு வேப்பிலை வேகவைத்த வாசம் வீடு முழுக்கப் பரவியிருந்தது. பார்ச்சுக்கு முதல் நாள் மத்தியானம் அக்கா ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். கஞ்சி, இரண்டு பேர் குடிக்கிற அளவு. கதவைத் திறந்த என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார். என் வீட்டுக்காரர் எழுந்திருக்க முயன்றார். அக்கா கையைக் காட்டி உட்காரச் சொன்னார், தானும் தரையில் உட்கார்ந்தார். இப்போது கேட்பார், இவர் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

தன் கணவர் இருக்கிறாரா இல்லையா என்று அக்கா கேட்கவில்லை. மலாயில், சாதாரணமாகச் சமையல் விஷயம் விசாரிப்பது போல, "அங்கே அவருக்கு எதைச் சாப்பிட ஆசையாக இருந்தது?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த மலாயில், "பிண்டாங் மீன். கடைசி வரைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்" என்றார்.

அக்கா தலையை ஆட்டினார். பிண்டாங் என்பது அவர்கள் வீட்டில் புளியும் மஞ்சளும் போட்டு வைக்கிற மீன் குழம்பு. மறுநாள் எங்கிருந்தோ ஒரு சின்ன மீன் சம்பாதித்துவிட்டார். கூடத்தின் முன்கதவைச் சாத்திக்கொண்டு படையல் போட்டார். எத்தனை இலை போட்டார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. புளி கொதிக்கும் வாசம் மட்டும் பின்னறைக்கு வந்தது. கூடத்தை விட்டு வெளியே வந்தபோது அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது, சாம்பிராணிப் புகை என்றார். நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது.

அடுத்த படி நாளில் அக்கா எனக்கு முன்பே கிளம்பி வாசலில் நின்றார். செமாபோக்காரி வழக்கம்போல எல்லாரையும் விசாரித்தாள். அக்கா பெலோம் என்றார், நான் பெலோம் என்றேன். ஒருத்திக்குப் புருஷன் வந்துவிட்டார், ஒருத்திக்கு இனி வரமாட்டார். இரண்டு பேரும் ஒரே படியில் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு நின்றோம். இந்த இடத்தை விட்டுப் போனால் நாங்கள் யார் என்பது எங்களுக்குத் தெரியாமல் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அதுவும் சரிதானா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

திரும்பும்போது மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். பெரியக்கா பின்தங்கி என் பக்கத்தில் நடந்தார்.

"அவரு கால் புண்ணு ஆறிக்கிட்டு வருதா?" என்றார்.

எப்படித் தெரியும், எத்தனை நாளாகத் தெரியும், இன்னும் யாருக்கெல்லாம் தெரியும் என்றெல்லாம் எனக்குள் ஓடியது. தெரிந்துகொண்டேதானா நான் பெலோம் என்று சொன்னபோதெல்லாம் இவர் தலையை ஆட்டினார்? அவர் முகத்தில் கோபம் இல்லை. முன்னால் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே, "எங்க வீட்டு ஆளும் அதே லாரிதான்" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டார்.

"கேட்டுச் சொல்றேங்க்கா" என்றேன்.

அவர் என் முழங்கையைப் பிடித்தார்.

"வேணாம். கேட்டுடாத" என்றார்.

என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு நெடுங்காலம் உயிரோடு இருந்தார். நான் கேட்கவே இல்லை.